கண்ணாடி எடுத்துக் கொடுத்தா எத்தனை பாயின்ட்?

கேள்வி:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டு வேலையில் பிள்ளைகள் கை கொடுக்க வேண்டும் என்று கத்திக் கத்தி ஓய்ந்துபோய், நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு செயலியைப் போனில் போட்டேன். அதில் வேலைகளைப் பட்டியல் போட்டுவிடலாம். முடித்த வேலையைப் போட்டோ எடுத்துப் போட்டால் பாயின்ட் ஏறும். பாயின்ட் சேர்ந்தால் மகனுக்கு அவன் ஆடும் ஆன்லைன் கேமின் காசு, மகளுக்கு அவள் கேமில் உடைகள். எப்போதாவது ஒரு 'மர்மப் பெட்டி'யும் திறக்கும். முதல் மூன்று வாரம் வீடு பளபளவென்று இருந்தது. இப்போது மகன் எதைச் சொன்னாலும் எத்தனை பாயின்ட் என்கிறான். வேண்டிய அளவு சேர்ந்துவிட்டால் அந்த வாரம் எதையும் தொடுவதில்லை. மகள் முந்தாநாள் எடுத்த போட்டோவையே மறுபடி போட்டு மாட்டிக்கொண்டாள். முன்பெல்லாம் நான் துணி மடிக்க உட்கார்ந்தால் தானாக வந்து பக்கத்தில் உட்காருவாள், இப்போது போன் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். போன வாரம் மாமியார் "கண்ணாடியை எடுத்துக் கொடுடா" என்றதற்கு, "எடுத்துக் கொடுத்தா எத்தனை பாயின்ட் பாட்டி?" என்று கேட்டுவிட்டான். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பான். ஆனால் அன்றிலிருந்து அவர் அவனிடம் எதையும் கேட்பதில்லை, தானே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். கணவரோ, "பெரியவங்களும் சம்பளத்துக்குத்தானே வேலை செய்யறோம், இதுல என்ன தப்பு" என்கிறார். இதை அப்படியே நிறுத்திவிடவா, தொடரவா? செயலியில் இருக்கும் வேலைப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

முதலில் உங்கள் மகனுக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவன் கேட்டது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை, அவனுக்குச் சொல்லித் தரப்பட்ட விதிப்படி மிகச் சரியான கேள்வி. நான்கு மாதமாக இந்த வீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை உண்டு, விலை பட்டியலில் இருக்கும் என்று அவன் பழகியிருக்கிறான். பாட்டி கேட்ட வேலை பட்டியலில் இல்லை, அதனால் விலை கேட்டான். அவ்வளவுதான். அவன் மனம் கல்லாகிவிட்டதாக நினைத்து நீங்கள் ராத்திரி தூங்காமல் இருந்தால், தயவுசெய்து தூங்குங்கள். 11 வயதில் இப்படி ஆனது 11 வயதிலேயே சரியாகும்.

நீங்களும் தப்பான அம்மா இல்லை. கத்துவதைவிடச் செயலி நல்லது என்று நினைத்தீர்கள், மூன்று வாரம் அது உண்மையாகவும் இருந்தது. நானும் இதைச் செய்து பார்த்தவள்தான். என் மகள் சின்னவளாக இருந்தபோது பொம்மைகளை எடுத்து வைத்தால் ஒரு நட்சத்திரம் என்று சுவரில் ஒரு அட்டை மாட்டினேன். நாலாம் நாள் பார்த்தால், எடுத்து வைத்த பொம்மைகளை எல்லாம் மறுபடி கொட்டி, மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், இன்னொரு நட்சத்திரத்துக்காக! பெற்றோருக்கு ஆலோசனை சொல்கிற இந்தத் தொழிலில் இருந்துகொண்டே இதை நான் எதிர்பார்க்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு இன்றும் கொஞ்சம் கூச்சம்தான்.

சரி, உங்கள் கணவர் சொல்வதற்கு வருவோம், ஏனென்றால் அது லேசாக ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை. பெரியவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறோம், உண்மை. ஆனால் அது யார் வீட்டு வேலை? அலுவலகத்தில் செய்கிற வேலைக்கு அலுவலகம் பணம் தருகிறது, அவர் வீட்டுக் குழாய் ஒழுகினால் அதைச் சரிசெய்வதற்கு அவருக்கு யாரும் சம்பளம் போடுவதில்லை. இது ஒன்று. இன்னொன்றைத்தான் பெரும்பாலும் கவனிக்க மாட்டார்கள்: சம்பளம் என்று வந்துவிட்டால் கூடவே 'எனக்கு இந்தச் சம்பளம் வேண்டாம், அதனால் இந்த வேலையும் வேண்டாம்' என்று சொல்கிற உரிமையும் வந்துவிடுகிறது. உங்கள் மகன் பாயின்ட் போதுமான அளவு சேர்ந்த வாரத்தில் எதையும் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு தொழிலாளி தனக்கு வேண்டியதைச் சம்பாதித்துவிட்டு லீவு எடுத்துக்கொள்கிறான். நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அவன் ஒப்பந்தத்தை நன்றாகப் படித்திருக்கிறான்.

கடமையாக இருந்த ஒன்றுக்கு விலை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் குழந்தைக் காப்பகங்களில் நடந்தது, கனீசி, ருஸ்திகினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள் என்று சில காப்பகங்களில் சின்னதாக ஒரு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையும் என்றுதானே நினைப்போம்? கூடியது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. அதுவரை 'பாவம், டீச்சர் நமக்காகக் காத்திருப்பாரே' என்று ஓடி வந்தவர்கள், இப்போது காத்திருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறோமே என்று நிதானமாக வந்தார்கள். அது அபராதம், உங்களுடையது பரிசு, திசைதான் வேறு. மனதுக்குள் நடப்பது ஒன்றுதான், உறவு இருந்த இடத்தில் கணக்கு வந்து உட்காருகிறது. இதில் உங்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி கடைசியில் இருக்கிறது. சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் தாமதம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதாவது செயலியை இன்றைக்கு ராத்திரி அழித்துவிட்டால் நாளைக் காலை நான்கு மாதத்துக்கு முந்தைய பிள்ளைகள் எழுந்து வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், பரிசே விஷம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் முழுக்க நம்பாதீர்கள். பரிசு ஆர்வத்தைக் கெடுக்கும் என்று சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டுவது 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் செய்த ஆய்வை. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய ஆசைப்படும் சின்னப் பிள்ளைகளில் சிலரிடம் 'வரைந்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும்' என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் அது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பிடித்த வேலையைப் பற்றியது. பாத்திரம் கழுவுவது யாருக்குப் பிடிக்கும், எனக்கே பிடிக்காது. 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் இதுபோன்ற 128 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பிடித்த வேலைக்குப் பொருளைப் பரிசாகச் சொல்லிக் கொடுத்தால் ஆர்வம் குறைகிறது, சலிப்பான வேலைக்கு அப்படி எதுவும் தெரியவில்லை என்றுதான் வந்தது. இயல்பாகவே ஆர்வம் இல்லாத இடத்தில் குறைவதற்கு என்ன இருக்கிறது!

அப்படியானால் உங்கள் வீட்டில் குறைந்தது எது? உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் கடிதமே. துணி மடிக்க உட்கார்ந்தால் மகள் தானாக வந்து பக்கத்தில் உட்காருவாள் என்று. அவளுக்குத் துணி பிடிக்கவில்லை, உங்களைப் பிடிக்கும். உங்களோடு உட்கார்ந்து பெரியவர்கள் செய்கிற ஒன்றைத் தானும் செய்வது பிடிக்கும். அந்த ஆசை குழந்தைக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே வருகிறது. வார்னெகென், டோமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 2008-இல் 20 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் கைக்கு எட்டாமல் எதையாவது தவறவிட்டால் அந்தப் பொடிசுகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கும். எடுத்துக் கொடுத்ததற்கு விளையாட்டுப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பின்னால் பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாக உதவின. வெறும் பாராட்டு மட்டும் பெற்றவையும், ஒன்றுமே பெறாதவையும் தொடர்ந்து உதவிக்கொண்டுதான் இருந்தன. பேச்சே சரியாக வராத வயதில், கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுப்பது! உங்கள் மாமியாரின் கண்ணாடி எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது.

இதுவரை சொன்னது எல்லாப் பரிசுக்கும் பொருந்தும். ஆன்லைன் பரிசுக்கென்று தனியாகச் சில தொல்லைகள் இருக்கின்றன, சுவரில் ஒட்டும் நட்சத்திரத்துக்கு அவை கிடையாது.

பரிசின் மதிப்பு உங்கள் கையில் இல்லை. போன மாதம் மகன் ஆசைப்பட்ட ஸ்கின் (கேமில் வரும் பாத்திரத்துக்குப் போடும் உடை) இந்த மாதம் பழசு, கேம் கம்பெனி புதிதாக ஒன்றை இறக்கியிருக்கும், அதற்குக் காசு அதிகம், அதுவும் குறிப்பிட்ட தேதிக்குள் வாங்காவிட்டால் போய்விடும். நீங்கள் ஒரு குப்பைக்கூடைக்கு 20 பாயின்ட் என்று நிர்ணயித்திருப்பீர்கள், அந்த 20-க்கு என்ன வாங்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். விலைவாசி ஏறினால் கூலி ஏற்றிக் கேட்பதுபோல அவன் கேட்கத்தான் செய்வான்.

அப்புறம் அந்த மர்மப் பெட்டி. கடிதத்தில் அதை ஒரு ஓரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், நானாக இருந்தால் முதலில் அதைத்தான் அணைப்பேன். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கிற பரிசு, ஒழுங்காகக் கிடைக்கிற பரிசைவிட ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் 1957-இலேயே புறாக்களை வைத்து இதை விரிவாகப் பதிவு செய்துவிட்டார்கள். சூதாட்ட இயந்திரம் ஓடுவது இந்த ஒரு விதியில்தான். கேம்களில் காசு கட்டித் திறக்கும் இதே மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் வருபவை என்று பெல்ஜியம் 2018-இல் சொல்லிவிட்டது. உங்கள் செயலியில் இருப்பது காசு கட்டாத பெட்டிதான், ஆனால் 7 வயதுக் குழந்தையின் மனம் அதில் பழகுவது அதே பழக்கத்துக்கு.

போட்டோ விஷயத்தில் உங்கள் மகளை அதிகம் திட்டிவிட்டீர்களோ என்று கவலையாக இருக்கிறது. பாயின்ட் கொடுப்பது படுக்கை விரித்ததற்கா, படுக்கை விரித்த போட்டோவுக்கா? போட்டோவுக்குத்தான். அவள் போட்டோவைக் கொடுத்துவிட்டாள். பொய் சொல்லக் கூடாது என்று தனியாக, நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள், அது வேண்டியதுதான். ஆனால் வேலையின் முடிவு கேமராவில் இருக்கும்வரை, படத்துக்குள் வருகிற பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கும், மிச்சம் கட்டிலுக்கு அடியில் போகும். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள், வீட்டுக்குள் எடுத்த இத்தனை படங்கள், குழந்தைகள் நிற்கிற படங்கள் உள்பட, எந்தக் கம்பெனியின் கணினியில் போய் உட்காருகின்றன? செயலியை மூடுவதற்கு முன் உள்ளே போய்ப் படங்களை அழித்துவிட்டு, கணக்கையே மூடச் சொல்லிக் கேளுங்கள். போனிலிருந்து செயலியை மட்டும் நீக்கினால் கணக்கு போகாது.

கார்டு விவரத்தைக் கேமில் சேமித்து வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமல் கேமில் வாங்கித் தள்ளிய வழக்கு ஒன்றில், ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 24 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெரிய கம்பெனிகளோடு நம் பிள்ளைகளின் விரல் மோதுகிற இடம் அது, நாம்தான் நடுவில் நிற்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் பாயின்ட் முறை சில இடத்தில் நன்றாக வேலை செய்யும், நானே சிலருக்குப் பரிந்துரைக்கிறேன். இது ஆப் காலத்தில் வந்ததும் இல்லை, 1960-களில் ஐலான், அஸ்ரின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஒரு மனநல மருத்துவமனையில் டோக்கன் கொடுத்து நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குத் திருப்பிய காலத்திலிருந்து இருக்கிறது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் அதிகமுள்ள ஏடிஹெச்டி குழந்தைகளுக்கு, பலன் தள்ளிப்போனால் மனம் நிற்காது என்பதால், உடனுக்குடன் கிடைக்கிற சின்னப் பரிசு உண்மையிலேயே உதவும். உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது அந்தச் சந்தேகம் இருந்தால் நான் இங்கே சொல்வதை அப்படியே பின்பற்றாமல் நேரில் ஒருவரைப் பாருங்கள். மற்ற பிள்ளைகளுக்கும், புதிதாக ஒரே ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைக்க, இரண்டு மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அந்த மாதிரி. நீங்கள் பிடித்த பிடியை விடவில்லை, நாலு மாதமாக ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள். அதோடு ஒரே நேரத்தில் 13 வேலைகளுக்குப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள்.

பதிமூன்று என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய பட்டியலை எண்ணிப் பார்த்தேன். கோபப்படாதீர்கள், அந்தப் பட்டியலில் மகளின் பெயரில் 9 வேலைகள் இருக்கின்றன, மகனின் பெயரில் 4. அவளுக்கு வயது 7, அவனுக்கு 11. வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள், 'அவள் சொன்னால் கேட்பாள், அவனிடம் மல்லுக்கட்ட வேண்டும்' என்று கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் சாய்கிறது. அதை அவள் எண்ணிப் பார்த்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய போட்டோவைப் போட்டதற்கு 9 வேலை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அப்பா பெயரில் என்ன வேலை இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். செயலியில் அவர் பெயரே இல்லை என்பதை நான் பார்த்தேன், சொல்லாமல் விட மனமில்லை.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம்.

இந்த வாரக் கடைசியில், யாருக்கும் அவசரம் இல்லாத நேரத்தில் எல்லோரும் உட்காருங்கள், மாமியாரும் இருக்கட்டும். முடிவு உங்களுடையது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "இந்தப் பாயின்ட் ஏற்பாடு சரியா வரல. இதைக் கொண்டு வந்தது நான்தான், அதனால தப்பு உங்க மேல இல்ல. இன்னும் இரண்டு வாரத்துல நிறுத்தப் போறோம்." தேதியைச் சொல்லிவிடுங்கள். சேர்த்த பாயின்டுக்கு உரியதை ஒரு பைசா குறைக்காமல் கொடுத்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் உழைத்துச் சேர்த்ததை அம்மா ஒரே நாளில் பூஜ்யம் ஆக்கிவிட்டார் என்று ஆகிவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்கிற எந்த வாக்கும் அவனிடம் நிற்காது. கேமையும் சேர்த்துத் தடை செய்யாதீர்கள். கேமுக்கும் வேலைக்கும் போட்ட முடிச்சைத்தான் அவிழ்க்கிறோம்.

பிறகு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். தன் படுக்கை, தன் தட்டு, தன் பை, இதெல்லாம் அவரவர் வேலை, பேச்சே கிடையாது. வீட்டுக்குப் பொதுவான வேலைகளை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது, அதற்கும் கூலி கிடையாது, உங்களுக்குக் கிடையாது என்பதால் அவர்களுக்கும் கிடையாது. பரண் முழுக்கக் காலி செய்வது, பழைய சாமான்களைப் பிரித்துக் கட்டுவது மாதிரி எப்போதாவது வருகிற பெரிய வேலைக்கு வேண்டுமானால் காசு கொடுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்வது தப்பில்லை என்று உங்கள் கணவர் சொன்னதை இங்கே அவர் நிறைவேற்றிக்கொள்ளலாம், கூலி பேசுவது எப்படி என்று பையனுக்கு அவரே சொல்லித் தரட்டும். கைச்செலவுக் காசு தனியாகக் கொடுப்பதாக இருந்தால் அதை வீட்டு வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பொது வேலையைப் பங்கிடும்போது துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். 'இந்தத் துணியை மடி, அந்தத் துணியை அலமாரியில் வை' என்றால் ஒவ்வொன்றும் ஒரு கட்டளை, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பேரம். 'செடிகள் உன் பொறுப்பு' என்று முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். எப்போது தண்ணீர், எவ்வளவு, காய்ந்த இலையை என்ன செய்வது எல்லாம் அவன் பாடு. ஒரு செடி வாடினால் வாடட்டும், நீங்கள் ஓடிப்போய் ஊற்றாதீர்கள். யாருக்கு எது என்பதை அவர்களே பேசி எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் பார்க்க வேண்டியது தராசு மறுபடி ஒரு பக்கம் சாயாமல் இருக்கிறதா என்பதை மட்டும். மெக்சிகோ பக்கம் பூர்வகுடிக் குடும்பங்களில் பிள்ளைகள் எப்படிச் சொல்லாமலே வேலையில் இறங்குகிறார்கள் என்று பார்பரா ரோகாஃப் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நீண்ட காலமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அங்கே 'அகோமெதிதோ' என்று ஒரு சொல் உண்டாம், என்ன தேவை என்று தானே பார்த்து, யாரும் கேட்பதற்குமுன் கை கொடுக்கிற ஆள் என்று பொருள். நாம் குறிப்பறிந்து செய்வது என்கிறோமே, அதுதான். அந்த வீடுகளில் பட்டியலும் கிடையாது, புள்ளியும் கிடையாது, சின்ன வயதிலிருந்தே, வேலை கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று, பெரியவர்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் மூன்று வயதில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற குழந்தையை 'நீ போய் விளையாடு' என்று அனுப்பிவிட்டு, பத்து வயதில் 'ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டேங்கறான்' என்று புலம்புகிறோம்.

அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற முதல் வேலை எப்போதும் உங்களோடு சேர்ந்து செய்கிற வேலைதான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிஷம், நால்வரும், அப்பாவும் சேர்த்து, ஒரே நேரத்தில். ஒருவர் கழுவ, ஒருவர் துடைக்க, ஒருவர் கூட்ட. பாட்டு போட்டுக்கொள்ளுங்கள். மகள் மடித்த துணி கோணலாக இருந்தால் அப்படியே அலமாரியில் வையுங்கள், அவள் கண்முன்னே பிரித்து மறுபடி மடித்தீர்கள் என்றால் எந்தப் பாயின்டும் அதை ஈடுகட்டாது. இது எனக்கே கஷ்டமாக இருந்த ஒன்று, கோணல் துணியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பாராட்டும்போது 'சூப்பர், கலக்கிட்ட' என்று பொதுவாக அள்ளி விடாதீர்கள், அதுவும் பாயின்ட் மாதிரி ஆகிவிடும். 'நீ நேத்தே பையை எடுத்து வெச்சதால இன்னிக்குக் காலையில நாம ஓட வேண்டியிருக்கல' என்று, அவன் செய்தது வீட்டில் யாருக்கு எங்கே உதவியது என்பதைச் சொல்லுங்கள்.

கேம் எப்போது என்று கேட்பான். வேலை முடிந்த பிறகு என்று சொல்லுங்கள். டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் 1959-இல் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார், பிடித்த வேலையைப் பிடிக்காத வேலைக்குப் பின்னால் வைத்தால் பிடிக்காததும் நடந்துவிடும் என்று. ஆங்கிலத்தில் அதற்குப் 'பாட்டி விதி' என்றே செல்லப்பெயர், எல்லாப் பாட்டிகளும் பிரீமாக்குக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தது என்பதால். இதுவும் ஒரு விதத்தில் பரிசுதானே என்று நீங்கள் கேட்டால், ஆமாம், கோடு மெலிசுதான். ஆனால் இங்கே எண்ணிக்கை இல்லை, சேமிப்பு இல்லை, இரண்டு மடங்கு வேலை செய்தால் இரண்டு மடங்கு கேம் என்பதும் இல்லை. பல் தேய்த்துவிட்டுத் தூங்கப் போவதுபோல ஒன்றன்பின் ஒன்று வரும் வரிசை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் மோசமாகத்தான் போகும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை கிடைத்துக்கொண்டிருந்த பரிசு நின்றால் குழந்தை முதலில் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கும், பழைய பொத்தானை இன்னும் அழுத்தி அழுத்திப் பார்ப்பதுபோல. அந்த நேரத்தில் ஒரு நாள் களைப்பில் 'சரி, இன்னிக்கு மட்டும் பாயின்ட் தர்றேன்' என்று இறங்கிவிட்டால், அதுவே மர்மப் பெட்டி ஆகிவிடும், எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு. 'இதுக்கு எத்தனை பாயின்ட்?' என்று கேட்டால் உபதேசம் வேண்டாம், முகம் சுளிக்க வேண்டாம். "இதுக்குப் பாயின்ட் இல்லடா, பாத்திரம் கழுவணும், வா" என்று சொல்லிவிட்டு நீங்கள் கழுவ ஆரம்பித்துவிடுங்கள். பழக்கம் உருவாக எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் என்று வந்தது, ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 நாள்வரை மாறியது. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள், தாங்களே விரும்பி ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள். உங்கள் மகன் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் இரண்டு வாரத்தில் 'இது ஒத்துவரல' என்று எனக்கு எழுதாதீர்கள், மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்ந்தால் போதும், செயலிகள்தான் ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று பயமுறுத்தும்.

மகளிடம் இதையெல்லாம் பேசக்கூட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு சாயந்திரம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, துணிக் குவியலோடு கீழே உட்காருங்கள், கூப்பிடாதீர்கள். முதல் நாள் வராமல் போகலாம்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் எதுவும் கேட்காமல் தானே எழுந்து போகிறாரே, எனக்கு உங்கள் மகனைவிட அதுதான் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வீட்டில் விலை போடாமல் அவனிடம் ஒரு வேலை கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான், அவரும் நிறுத்திவிட்டார். அவரிடம் நீங்கள் தனியாகப் போய்ப் பேசுங்கள். அவன் கேட்டது நான் கொண்டு வந்த செயலியின் பேச்சு, அவன் பேச்சு இல்லை என்று சொல்லுங்கள். செயலி நிற்கிற தேதிவரைகூடக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே மறுபடி அவனிடம் கண்ணாடியைக் கேட்கச் சொல்லுங்கள். அவன் மறுபடி பாயின்ட் கேட்டாலும் சரி, சிரித்துக்கொண்டே "கண்ணு தெரியலடா, எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருக்கட்டும்.